கால்ஸ்வின்தா கொலை வழக்கு: சில்பெரிக்கை எந்த மன்றத்தில் நிறுத்துவது?

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட மடல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவருடைய கல்லூரியின் சட்ட வரலாற்று மன்றம் விரைவில் ஒரு மாதிரி நீதிமன்ற விசாரணையை நடத்தவிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பிராங்க் மக்களை ஆண்ட மெரோவிங்கிய அரசர்களில் ஒருவரான முதலாம் சில்பெரிக் தான் வழக்கின் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். ஸ்பெயினிலிருந்து மணம் முடித்து அழைத்து வந்த, அங்கு ஆண்ட விசிகோத் இன இளவரசி கால்ஸ்வின்தாவைத் திருமணமான சிறிது காலத்திலேயே கொன்றார் என்பது குற்றச்சாட்டு.

மாணவர் குழு தயாரித்துள்ள குற்றப்பத்திரிகையின் சுருக்கத்தையும் அவர் இணைத்திருக்கிறார். அரசரின் காதலி ஃபிரெடகுண்ட் பொறாமையால் இந்தக் கொலையைச் செய்தார். இது ஒரு வரதட்சணைச் சாவு. பிராங்க் மக்களின் அக்காலச் சாலியச் சட்டம் பெண்களுக்கு எந்தச் சொத்துரிமையும் தராததால் இறந்தவரின் தங்கை புரூன்ஹில்டுக்குப் பழிவாங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. அதனால் நாற்பது ஆண்டுப் போர் மூண்டது என்று அதில் வாதங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அரசரின் முதல் மனைவி அவுதோவெரா சூழ்ச்சியால் விரட்டப்பட்ட கதையும், ஃபிரெடகுண்ட் பின்னாளில் அரசரையே கொன்றதாகச் சொல்லப்படும் கதையும் குணச் சான்றுகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

குலுக்கலில் இந்த மாணவிக்குக் கிடைத்திருப்பது எதிரித் தரப்பு வழக்கறிஞர் பொறுப்பு. அக்கால வரலாற்றை எழுதிய தூர் நகர ஆயர் கிரெகரியின் சாட்சியம் நம்பத்தக்கதா என்றும் கேட்டிருக்கிறார். "மனைவியின் கழுத்தை நெரிக்கச் சொன்ன ஒருவருக்காக நான் எப்படி வாதாடுவது? அப்படி வாதாடினால் அந்தப் பெண்ணுக்கு நான் செய்யும் அநியாயம் ஆகாதா?" என்று கேட்டு மடலை முடித்திருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது அதுதான். எதிரிக்காக வாதாடும் வழக்கறிஞர் குற்றத்தை ஆதரிப்பவர் அல்லர். குற்றச்சாட்டு உண்மையிலேயே மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பது அவர் கடமை. கால்ஸ்வின்தாவின் விஷயத்தில் இந்தக் கடமைக்குக் கூடுதல் பொருள் உண்டு. அவருடைய மரணத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் உண்மைகள் மிகச் சில. அவற்றின்மேல் பிற்காலக் கதைகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அந்தக் கதைகளை அகற்றிவிட்டு அவருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது, அவர் பெயரால் என்ன உரிமை கோரப்பட்டது என்று மன்றத்தின் முன் வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் ஆகாது. நீங்கள் தயக்கமின்றி இந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

முதலில் இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சில்பெரிக்கின் தந்தை முதலாம் குளோத்தாருக்கு இன்குண்ட் என்ற மனைவி இருந்தார். தன் தங்கை அரெகுண்டுக்குத் தகுதியான மாப்பிள்ளை பார்த்துத் தரும்படி இன்குண்ட் கணவரிடம் வேண்டிக்கொண்டார் என்றும், குளோத்தார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன்னைவிடத் தகுதியானவர் யாரும் கிடைக்கவில்லை என்று சொல்லி அந்தத் தங்கையையும் தானே மணந்துகொண்டார் என்றும் தூர் நகர ஆயர் கிரெகரி எழுதுகிறார். காரிபர்ட், குன்ட்ராம், சிகிபர்ட் ஆகிய மூவரும் அக்காவின் பிள்ளைகள். சில்பெரிக் தங்கையின் பிள்ளை. 561இல் குளோத்தார் இறந்ததும் சில்பெரிக் பெர்னியில் இருந்த தந்தையின் கருவூலத்தைக் கைப்பற்றிப் பாரிசுக்குள் நுழைந்தார். மற்ற மூவரும் சேர்ந்து அவரை வெளியேற்றினார்கள். பிறகு நடந்த பாகப் பிரிவினையில் காரிபர்ட்டுக்குப் பாரிஸும், குன்ட்ராமுக்கு ஓர்லியானும், சிகிபர்ட்டுக்கு ரெய்ம்ஸும், சில்பெரிக்குக்குச் சுவாசோனும் கிடைத்தன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவருக்கு எதிரே தனியாக நின்ற மாற்றாந்தாய் மகன் என்பதே அவருடைய நிலை. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் செய்த பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

(அரெகுண்ட் வெறும் ஏட்டுப் பெயர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிசுக்கு வடக்கே சான்-தெனி தேவாலயத்தின் அடியில் 1959இல் திறக்கப்பட்ட ஒரு கல்லறையில், "அர்னெகுண்டிஸ்" என்று பெயர் பொறித்த தங்க மோதிரத்தோடும் அழகிய உடைப்பூட்டு ஊசிகளோடும் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. சில்பெரிக்கின் தாயாகவே அவரை ஆய்வாளர் பலர் அடையாளம் காண்கிறார்கள். உங்கள் குழு கண்காட்சிப் பலகை ஏதும் வைப்பதாக இருந்தால் அந்த மோதிரத்தின் படத்தை வையுங்கள்.)

திருமணமும் இந்த அண்ணன் தம்பிப் போட்டியில் பிறந்ததுதான். தன் சகோதரர்கள் தகுதி குறைந்த பெண்களை மணக்கிறார்கள் என்று கருதிய சிகிபர்ட், விசிகோத் அரசர் அதனகில்டின் மகள் புரூன்ஹில்டைப் பெண் கேட்டு மணந்தார். அதைக் கண்ட சில்பெரிக், ஏற்கெனவே தனக்கு மனைவியர் பலர் இருந்தும், புரூன்ஹில்டின் அக்கா கால்ஸ்வின்தாவைக் கேட்டார். மற்ற மனைவியரை விலக்கிவிடுவதாக வாக்களித்தார். கால்ஸ்வின்தா பெருஞ்செல்வத்தோடு வந்தார். தாம் பிறந்த ஏரியன் கிறிஸ்தவ மரபை (இயேசு தந்தைக் கடவுளுக்கு நிகரானவர் அல்லர் என்று கொண்ட மரபு) விட்டுக் கத்தோலிக்க மரபை ஏற்றார். இது 567 அளவில் நடந்தது. ஆனால் ஃபிரெடகுண்ட் மீதான அரசரின் பற்று நீங்கவில்லை. தனக்கு நேரும் அவமதிப்புகளைக் கால்ஸ்வின்தா அரசரிடம் முறையிட்டார். கொண்டு வந்த செல்வத்தையெல்லாம் இங்கேயே விட்டுவிடுகிறேன், என்னைப் பிறந்த நாட்டுக்குப் போக விடுங்கள் என்று கேட்டார். அரசர் இனிய சொற்களால் சமாதானப்படுத்தினார். சில நாளில் கால்ஸ்வின்தா படுக்கையில் பிணமாகக் கிடந்தார்.

செல்வத்தை விட்டுவிட்டாவது வீடு திரும்பிவிட வேண்டும் என்று அந்நிய அரண்மனையில் ஒரு பெண் கேட்ட அந்த வேண்டுகோள்தான் இந்த வழக்கின் உயிர்நாடி. எந்தத் தரப்பில் நின்றாலும் அதை மறந்துவிடாதீர்கள்.

குற்றப்பத்திரிகையில் திருத்த வேண்டியவை

முதலாவது, ஃபிரெடகுண்ட் கொன்றார் என்ற கூற்று. பிற்காலத்தவர் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மரணத்தைக் கொலை என்று வெளிப்படையாகச் சொல்லும் சமகாலச் சாட்சி கிரெகரி ஒருவரே. அவர் குற்றம் சாட்டுவது அரசரை. அடிமை ஒருவனைக் கொண்டு கழுத்தை நெரிக்கச் செய்தார் என்பதுதான் அவருடைய வாக்கு. இறந்தவருக்காக அரசர் அழுதார் என்றும், சில நாள் கழித்து ஃபிரெடகுண்டை மீண்டும் மனைவியாக ஏற்றார் என்றும் தொடர்ந்து எழுதுகிறார். ஃபிரெடகுண்டுக்குப் பலன் கிடைத்தது உண்மை. பலன் பெற்றவர் எல்லாம் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அரசர் மீதான குற்றச்சாட்டில் ஃபிரெடகுண்டைக் கொலையாளியாகப் புகுத்தினால், குற்றம் சாட்டும் அரசுத் தரப்பு தன் ஒரே சாட்சியோடு தானே முரண்படும். உங்கள் குறுக்கு விசாரணைக்கு இது நல்ல இடம். ஆனால் விசாரணைக்கு முன்பே அவர்களிடம் சொல்லித் திருத்தச் செய்வதே மன்றத்துக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, வரதட்சணைச் சாவு என்ற வகைப்பாடு. நம் பாரதிய நியாய சங்கிதையின் 80ஆம் பிரிவில் அது குற்றமாவதற்கு, திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் இயற்கைக்கு மாறான மரணம் நேர்ந்தால் மட்டும் போதாது. இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டு அப்பெண் கொடுமைப்படுத்தப்பட்டிருக்கவும் வேண்டும். அரசர் மேலும் செல்வம் கேட்டார் என்று கிரெகரி எங்கும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே செல்வத்தைத் துறக்க முன்வந்தார். அதைவிட முக்கியமாக, இந்தத் திருமணத்தில் சொத்து இரு திசையிலும் நகர்ந்தது. தந்தை வீட்டுச் செல்வம் மணமகளோடு வந்தது போலவே, மணமகன் தரப்பிலிருந்து மணமகளுக்கு போர்தோ, லிமோஜ், கஹோர், பெயார்ன், பிகோர் ஆகிய ஐந்து தென்மேற்கு நகரங்கள் எழுதித் தரப்பட்டன. முதலிரவுக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குத் தரும் காலைப் பரிசு என்பது ஜெர்மானிய மக்களிடையே நிலவிய வழக்கம். அது மனைவியின் சொந்த உடைமை. நம் நீதிமன்றங்கள் இன்று சீதனம் என்று சொல்லும் கருத்துக்கு அது நெருங்கி வரும். வரதட்சணைக்கு நேர் எதிரானது. இந்த ஐந்து நகரங்களை விட்டுவிட்டு வழக்கைப் புரிந்துகொள்ளவே முடியாது.

மூன்றாவது, பெண்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்ற நம்பிக்கை. பிராங்க் அரசர் முதலாம் குளோவிஸ் காலத்தில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் சாலியச் சட்டம், சாலிய நிலம் எனப்பட்ட ஒரு வகை நிலம் பெண்ணுக்குச் சேராது என்று மட்டுமே சொல்கிறது. மற்ற உடைமைகளில் பிள்ளையில்லாமல் இறந்தவருக்குத் தாய் வாரிசாகலாம், உடன்பிறந்தாளும் வாரிசாகலாம். பெண்களை அரியணையிலிருந்து விலக்கிய சட்டம் என்று நாம் கேள்விப்படுவது 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வாரிசுரிமைத் தகராறுகளுக்குப் பின் எழுந்த விளக்கம். மெரோவிங்கியர் அதை அறியார்கள். இன்னொன்றும் உண்டு, அது உங்களுக்கு வியப்பளிக்கக்கூடும்: மகன்கள் இல்லாமல் போனால் நிலம் மகளுக்குச் சேரலாம் என்று அந்தப் பழைய விதியைத் தளர்த்தி ஆணை பிறப்பித்த அரசரே சில்பெரிக் தான். அந்த ஆணை இன்றும் கிடைக்கிறது. எதிரித் தரப்பில் நிற்கும் நீங்கள் இதை எடுத்துக்காட்டலாம். ஆனால் ஒரு சட்டம் இயற்றியவர் ஒரு குற்றம் செய்திருக்க முடியாது என்று வாதாடிவிடாதீர்கள், நீதிபதி இருக்கையில் யார் இருந்தாலும் அதை ஏற்க மாட்டார்கள்.

நான்காவது, நாற்பது ஆண்டுப் பழிவாங்கல். சிகிபர்ட்டுக்கும் சில்பெரிக்குக்கும் இடையே சண்டை இந்தத் திருமணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. கிழக்கே அவார் எனும் நாடோடி மக்களோடு சிகிபர்ட் போரிட்டுக்கொண்டிருந்தபோது சில்பெரிக் ரெய்ம்ஸைத் தாக்கினார். திரும்பி வந்த சிகிபர்ட் சுவாசோனைப் பிடித்து, அங்கிருந்த சில்பெரிக்கின் மகன் தெவுதபர்ட்டை ஓராண்டு சிறை வைத்தார். 573இல் மூண்ட போரில் தூர், புவாத்தியே நகரங்களை யார் ஆள்வது என்பதே தகராறு. 575இல் வித்ரியில் சிகிபர்ட்டை நஞ்சு தோய்த்த கத்திகளால் குத்திக் கொன்ற இருவரை ஃபிரெடகுண்ட் அனுப்பினார் என்று கூறும் கிரெகரி, அந்தப் போர்களைக் கால்ஸ்வின்தாவுக்கான பழிக்குப் பழி என்று விளக்கவில்லை. இரண்டு அரசியரின் பகையாக எல்லாவற்றையும் சுருக்குவது படிக்கச் சுவையாக இருக்கிறது, ஆவணம் அதைத் தாங்காது.

குணச் சான்றாகச் சேர்த்த இரு கதைகளையும் நீக்கச் சொல்லுங்கள். அரசர் போருக்குப் போயிருந்தபோது, அவுதோவெரா தன் குழந்தையின் ஞானஸ்நானத்தில் தானே ஞானத்தாயாக நிற்கும்படி ஃபிரெடகுண்ட் ஏமாற்றினார், அதனால் கணவனுக்கே ஞான உறவாகி, மண உறவுக்குத் தகாதவராகிப் போன அவர் விலக்கப்பட்டார் என்பது ஒரு கதை. ஃபிரெடகுண்ட் தலை கழுவிக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து அரசர் விளையாட்டாகக் கோலால் தட்ட, தன் காதலன் என்று எண்ணி அரசி அவன் பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டார், அன்றே அரசரைக் கொல்ல ஏற்பாடு செய்தார் என்பது மற்றொன்று. இரண்டும் சுமார் நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 727 அளவில் எழுதப்பட்ட ஒரு நூலில்தான் வருகின்றன. 584இல் ஷெல் என்ற இடத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய சில்பெரிக், ஓர் ஆளின் தோளில் கையூன்றிக் குதிரையிலிருந்து இறங்கும்போது ஒருவன் அக்குளிலும் வயிற்றிலும் குத்திக் கொன்றான் என்று கிரெகரி எழுதுகிறார். ஏவியவர் யார் என்று அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. செவிவழிச் சாட்சியம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் செவிவழிச் சாட்சியமே.

சாட்சியை எடைபோடுதல்

கிரெகரி நம்பத்தக்கவரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் 573இல் தூர் நகரின் ஆயரானார். அந்தப் பதவிக்கு ஆதரவளித்தவர் சிகிபர்ட், அதாவது கால்ஸ்வின்தாவின் தங்கை கணவர். பிற்பாடு தூர் சில்பெரிக்கின் கைக்குப் போனது. 580இல் ஃபிரெடகுண்டைப் பற்றி அவதூறு பேசினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் பெர்னியில் கூடிய ஆயர் மன்றத்தின் முன் கிரெகரியே நிற்க வேண்டியிருந்தது. சத்தியம் செய்து தப்பினார். திரித்துவத்தைப் பற்றிச் சில்பெரிக் எழுதிய நூலை முகத்துக்கு நேரே மறுத்தார். அரசர் இறந்தபின், நம் காலத்து நீரோ, ஏரோது என்று அவரை ஏசினார். கால்ஸ்வின்தா இறந்தபோது அவர் அந்த அரண்மனையில் இருந்ததற்குச் சான்றில்லை. பகை, தூரம், காலம் என்ற மூன்றும் அவர் சாட்சியத்துக்கு எதிராக நிற்கின்றன.

ஆனாலும் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட வேண்டாம். தம் ஆதரவாளர்களின் குற்றங்களையும் எழுதியவர் அவர். அரசரின் நல்ல பக்கமும் அவர் வழியாகவே நமக்குத் தெரிகிறது. ஐம்பது ராத்தல் எடையில் தங்கத்தாலும் மணிகளாலும் செய்த பெருந்தட்டு ஒன்றை சில்பெரிக் தம்மிடம் காட்டி, பிராங்க் மக்களின் பெருமைக்காக இதைச் செய்தேன் என்று சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். கவிதை எழுதியது, இலத்தீன் எழுத்து வரிசையில் நான்கு எழுத்துகளைச் சேர்க்க முயன்றது, சுவாசோனிலும் பாரிசிலும் விளையாட்டரங்குகள் கட்டியது ஆகியவையும் அவர் குறிப்புகளே. யாப்புச் சரியில்லை என்று கவிதைகளை மட்டம் தட்டுகிறார், ஆனால் மறைக்கவில்லை.

இரண்டாவது சாட்சி கவிஞர் வெனாந்தியுஸ் ஃபொர்த்துனாத்துஸ். வெள்ளியால் அணி செய்த வண்டியில் கால்ஸ்வின்தா கடந்து போனதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். அந்தப் பெண்ணுக்காக அவர் எழுதிய நீண்ட இரங்கற்பாவில், தொலேதோ நகரை விட்டுப் புறப்படும் மகளைப் பிரிய மனமில்லாமல் தாய் கோயிஸ்வின்தா வழி நெடுகத் தொடர்ந்து வரும் பகுதியைப் படிக்கும்போது யாருக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் மரணம் எப்படி நேர்ந்தது என்ற இடத்துக்கு வந்ததும் அவர் விதியையும் திடீர் இழப்பையும் பேசுகிறாரே ஒழிய, நெரித்தவரையோ ஏவியவரையோ சொல்லவில்லை. கல்லறை முன் தொங்கிய விளக்கு கயிறறுந்து கல்தரையில் விழுந்தும் உடையவில்லை என்ற அற்புதத்தைக் கிரெகரி, இவர் இருவருமே சொல்கிறார்கள். கவிஞரின் மௌனத்துக்குக் காரணம் அச்சமா, அறியாமையா, நாகரிகமா என்று அரசுத் தரப்பும் நீங்களும் வாதிடலாம். என்னைக் கேட்டால் அச்சம் என்பேன். வேறு வேறு அரசர்களின் தயவில் வாழ வேண்டியிருந்தவர் அவர்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நோக்கமும் வாய்ப்பும் பிந்திய நடத்தையும் சில்பெரிக்கையே சுட்டுகின்றன. மருமகனைத் தட்டிக்கேட்கக்கூடிய மாமனார் அதனகில்டும் ஏறத்தாழ அதே காலத்தில் இறந்துவிட்டார். அரசர்தான் செய்வித்தார் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் நம்புவது வேறு, ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிப்பது வேறு. நேரடிச் சாட்சி இல்லாமல், பகைகொண்ட ஒருவரின் சில வரிகளை வைத்து இன்றைய அளவுகோலின்படி கொலைக் குற்றத்தை நிலைநாட்ட முடியாது. கொலை வழக்காகவே நடத்தினால் நீங்கள் வெல்வீர்கள். அந்த வெற்றியால் அந்தப் பெண்ணைப் பற்றி அவையினர் எதையும் அறிந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் எந்த மன்றம்?

இங்கேதான் உங்கள் குழு கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்ஸ்வின்தாவின் வழக்கு அக்காலத்திலேயே தீர்க்கப்பட்டது. 587 நவம்பரில் ஆந்தலோ என்ற ஊரில் குன்ட்ராமும், சிகிபர்ட்டின் மகன் இரண்டாம் சில்டபர்ட்டும், புரூன்ஹில்டும் செய்துகொண்ட உடன்படிக்கையை கிரெகரி வரிக்கு வரி தம் நூலில் படியெடுத்து வைத்திருக்கிறார். காலைப் பரிசாகவும் மணக்கொடையாகவும் கால்ஸ்வின்தா பெற்ற ஐந்து நகரங்களும், சில்பெரிக்கும் சிகிபர்ட்டும் உயிரோடிருந்தபோதே, குன்ட்ராம் அரசர், பிராங்க் மக்கள் ஆகியோரின் தீர்ப்பால் தங்கை புரூன்ஹில்டுக்குச் சேர்ந்தவை என்று அது கூறுகிறது. அதாவது 575க்கு முன் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பின்வந்த உடன்படிக்கை ஒன்று அதை ஆதாரமாக எடுத்துக் காட்டுகிறது. நீங்கள் படிக்கும் சாட்சியச் சட்டத்தில் இதன் எடை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே, கொலைக் குற்ற விசாரணையைக் கைவிட்டு, குன்ட்ராமின் முன் நடந்த அந்த உரிமை விசாரணையை நடத்துங்கள் என்பதே என் ஆலோசனை. அக்காலச் சட்டத்துக்கும் அதுவே பொருந்தும். சாலியச் சட்டம் கொலையை முதன்மையாக இழப்பீட்டுக்குரிய தீங்காகவே பார்த்தது: பிள்ளை பெறும் பருவத்துச் சுதந்திரப் பெண்ணைக் கொன்றால் 600 பொற்காசு, அந்தப் பருவம் கடந்தவரைக் கொன்றால் 200. அரசரே கொலைக்குக் காரணமானால் யார் வசூலிப்பது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. சகோதர அரசர்களும் மக்கள் தலைவர்களும் கூடித் தீர்ப்பதே கண்முன் இருந்த ஒரே வழி. சகோதரர்கள் அவரை அரசிலிருந்து தள்ளினார்கள் என்று கிரெகரி சொன்னாலும், சில்பெரிக் தொடர்ந்து ஆண்டார் என்பது தெளிவு. தள்ளியதைவிட இழப்பீட்டுத் தீர்ப்பே நிலைத்தது.

இந்த மன்றத்தில் உங்கள் கட்சிக்காரருக்காகச் சொல்ல உண்மையான வாதங்கள் உண்டு. பிள்ளையில்லாமல் இறந்தவரின் உடைமைக்குச் சாலிய வரிசையில் தாய் உடன்பிறந்தாளுக்கு முன் வருகிறார். கோயிஸ்வின்தா அப்போது ஸ்பெயினில் உயிரோடு இருந்தார், 589 வரை வாழ்ந்தார். அப்படியானால் தங்கைக்கு வழக்காடும் தகுதி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நகரங்கள் அரசின் வருவாய்க்குரியவை, வாரிசுக்குச் சேரும் தனியுடைமை ஆகுமா என்று கேளுங்கள். தீர்ப்பு வழங்கும் குன்ட்ராமும் சிகிபர்ட்டும் ஒரு தாய் மக்கள், தீர்ப்புக்கு உள்ளாகும் சில்பெரிக் மாற்றாந்தாய் மகன், குன்ட்ராம் எப்படி நடுநிலையாளர் என்றும் கேளுங்கள். இந்தக் கடைசி ஆட்சேபம் வெறும் உத்தி அல்ல. 587இல் ஐந்து நகரங்களில் கஹோர் மட்டும், அதன் எல்லைகளோடும் மக்களோடும், உடனே புரூன்ஹில்டுக்குத் தரப்பட்டது. மற்ற நான்கும் குன்ட்ராம் வாழும்வரை குன்ட்ராமிடமே இருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பளித்தவர் கையிலேயே சொத்தின் பெரும்பகுதி தங்கியது.

எதிர்த்தரப்புக்கும் வலுவான பதில்கள் உண்டு. கொன்றவரிடமே கொல்லப்பட்டவரின் உடைமை திரும்பிப் போக விட்டால் காலைப் பரிசு என்பதே பொருளற்றதாகிவிடும். அந்நிய மண்ணில் வாழ வந்த பெண்ணுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். இதை அவர்கள் நன்றாக வாதாடினால் நீங்கள் தோற்பீர்கள், தோற்பதே முறை என்று கருதுகிறேன். அப்படித் தோற்பதில் உங்களுக்கு இழிவு ஏதும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. இந்த அமைப்பில் கொலையை நேரடியாக விசாரிக்க மாட்டீர்கள்; பார்வையாளர் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஒரு பெண்ணின் உயிருக்கு ஐந்து நகரங்களா விலை என்று கோபமும் வரும். அந்தக் கோபத்தைத் தடுக்க வேண்டாம். இழப்பீட்டு முறையின் நியாயத்தையும் குறையையும் பேசத் தீர்ப்புக்குப்பின் அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

எதிரியின் குணம் பற்றி

குணச் சான்று தேவைப்பட்டால் சாட்சியுள்ளவற்றை மட்டும் கேளுங்கள், இரு பக்கமும் கேளுங்கள். 580இல் பரவிய வயிற்றுக்கடுப்பு நோயில் ஃபிரெடகுண்டின் மகன்கள் குளோதபர்ட், தகோபர்ட் இருவரும் படுக்கையில் விழுந்தார்கள். ஏழைகளின் கண்ணீரும் விதவைகளின் புலம்பலும் நம் பிள்ளைகளைக் கொல்கின்றன என்று சொல்லி, புதிய வரிக்காக எழுதிய பதிவேடுகளை ஃபிரெடகுண்ட் நெருப்பில் போட்டார். தயங்கிய அரசரும் தம் ஏடுகளை எரித்து, இனி அவ்வாறு வரி விதிக்க வேண்டாம் என்று ஆளனுப்பினார். பிள்ளைகள் இருவரும் இறந்தார்கள். அதே ஆண்டில் அவுதோவெராவின் கடைசி மகன் குளோவிஸ் பழிசுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டார், அவுதோவெராவும் கொல்லப்பட்டார், அவர் மகள் பசினா புவாத்தியே கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். முன்பே மூத்தவர் தெவுதபர்ட் போரில் மாண்டிருந்தார். நடு மகன் மெரோவெக், தந்தையின் எதிரியின் கைம்பெண்ணான புரூன்ஹில்டையே ரூவானில் மணந்து, அதனால் வேட்டையாடப்பட்டு இறந்தார். அரசர் கொல்லப்பட்டபோது எஞ்சிய ஒரே மகன் இரண்டாம் குளோத்தார் நான்கு மாதக் குழந்தை. அவன் அரசரின் மகன்தானா என்று குன்ட்ராம் ஐயுற்றபோது, மூன்று ஆயர்களும் முந்நூறு பிரமுகர்களும் ஃபிரெடகுண்டோடு சேர்ந்து சத்தியம் செய்தார்கள். உங்கள் விசாரணையிலும் இந்தச் சத்தியத் துணைவர் முறையைக் காட்டலாம். அக்கால மெய்ப்பிக்கும் முறையை அவையினர் கண்ணால் காண்பார்கள்.

நடைமுறைக்கு மூன்று தாள்கள் போதும்: கிரெகரி எழுதிய வரலாற்றின் நான்காம் நூலில் கால்ஸ்வின்தாவைப் பற்றிய பகுதி, ஃபொர்த்துனாத்துஸின் இரங்கற்பாவில் மரணத்தைச் சொல்லும் அடிகள், அதே வரலாற்றின் ஒன்பதாம் நூலிலுள்ள ஆந்தலோ உடன்படிக்கையில் ஐந்து நகரங்கள் பற்றிய பத்தி. இரு தரப்புக்கும் ஒரே மொழிபெயர்ப்பைக் கொடுங்கள், இந்த மூன்றுக்கும் மேலே சொன்ன குணச் சான்றுகளுக்கும் வெளியே எதையும் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்று முன்கூட்டியே விதித்துவிடுங்கள். குன்ட்ராமாக அமர்பவர் தம் தீர்ப்பை எழுதிப் படிக்கட்டும். அதில் கால்ஸ்வின்தாவின் பெயரும், அவர் வீட்டுக்குப் போகக் கேட்டதும் இடம்பெற வேண்டும் என்று என் சார்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.